மாலையில் வருபவர்

எங்கள் சன்னலுக்கு நேரே
தெருவுக்கு மேலே
தொங்கிக்கொண்டு போகும் ரயில்.
வுப்பெற்றாலில் இது புதினமில்லை.
வவுனியாவிலிருந்து தவமலரின் தங்கை
"அக்கா ஆகாயத்தில ரயில் போகுதெண்டு சொல்லுறா,
முத்திப்போச்சோ அத்தான்?" என்று
தொலைபேசியில் அழுதபோது
அது ஒன்றை மட்டும்
உண்மையென்று சொல்லித் தேற்றினேன்.

மற்றதைச் சொல்லவில்லை.

சோபாவில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்,
ஈரச் சப்பாத்தைக் கழற்றாமல்.
ஒன்றுக்கு மூக்கு ஒழுகுகிறதாம்.
பேசுவதில்லை, எதுவும் கேட்பதில்லை,
சும்மா இருந்து அவளைப் பார்க்கிறார்கள்.
"பயமாயிருக்கா?" என்றேன்.
"பிள்ளையளுக்கு என்னத்துக்குப் பயம்?
ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்.
இருட்டப் போகுது."

நடுக்கம் வந்து பதினொரு வருடம்.
முதலில் வலது கை. பிறகு எழுத்துச் சிறுத்தது.
ஹாகன் தபால் நிலையத்தில் இரவு வேலை, இருபத்திரண்டு வருடம்;
கண் முகவரியைத் தொடுமுன்னே
கை பெட்டியைக் கண்டுபிடித்துவிடும் அவளுக்கு.
இப்போது கடைச்சிட்டையில்
பால் ஒரு எறும்பு.
வெங்காயம் எறும்பின் நிழல்.
நான் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போகிறேன்.

டொக்டர் ஹென்ஷல் ஒளிக்காமல் சொன்னார்:
குளிசையைக் கூட்டினால் கால் நடக்கும்,
பிள்ளைகளும் கூடிவிடுவார்கள்.
குறைத்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள்,
காலும் அவர்களோடு போய்விடும்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
கணக்குப் பார்த்தேன்:
ஒரு காலுக்கு எத்தனை பிள்ளை.

குசினி வாசலில் அவள் பாதம்
பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும்.
வா என்றால் வராது. இழுத்தால் விழுவாள்.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன், அடிக்கு ஒன்றாக.
கோட்டைக் கண்டால் கால் தாண்டும்.
கோடில்லாத இடத்தில்
என் பாதத்தைக் குறுக்கே வைப்பேன்.
அதையும் தாண்டுவாள்,
தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

தை மாதத்திலிருந்து
இந்த வீட்டில் நான் இரண்டு பேர்.
காலையில் வருகிறவன் காலுறையை இழுத்து மாட்டுகிறான்,
நாளுக்கு ஏழு தரம் மணிக்கூடு அடித்துக் குளிசை விழுங்கச் சொல்கிறான்,
கத்துகிறான்.
மாலையில் வருபவர் நல்லவர்.
தேத்தண்ணீரை ஊதி ஆற்றித் தருவார்,
பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்.
இரண்டு பேருக்கும் ஒரே சட்டை என்பதை
அவள் கவனித்திருக்கிறாள்.
"அவரின்ரயை எடுத்துப் போட்டிருக்கிறியள் போல."

ஒரு நாள், வெளியே ஆலங்கட்டி மழை,
பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னாள்.
"உங்களுக்குச் சொல்லலாம்.
எங்கட வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.
எனக்கு மறக்குது.
சில நேரம் அவரின்ர பேரே வருகுதில்லை.
தெரிஞ்சால் தாங்கமாட்டார்.
வெளிக்குத்தான் கோபக்காரர்,
குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுறவர்.
எனக்குக் கேக்கிறது."

சொல்லமாட்டேன் என்றேன்.
சத்தியம் கேட்டுக் கை நீட்டினாள்.
நடுங்கும் உள்ளங்கையில் என் கையை வைத்தேன்.
அது தன் நடுக்கத்தில் பாதியை
எனக்குத் தந்தது.

மறுநாள் காலை ஏழு மணி.
குளிசையும் தயிரும் கொண்டு போனேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"மெல்ல, அவசரமில்லை" என்றேன்,
மாலைக்காரரின் குரலைக் கொஞ்சம் கடன் வாங்கி.
திரும்பிப் பார்த்தாள்.
"உமக்கு அவரைத் தெரியுமோ?"
"கொஞ்சம்."

யோசித்தாள். வாயைத் திறந்தாள். விழுங்கினாள்.
சன்னலில் ரயில் வந்தது.
"கொஞ்சம் தள்ளி இரும்,
பிள்ளையளுக்கு மறைக்குது."

தள்ளி இருந்தேன்.